எதிர்மலையைப் பார்த்த ஆன்டெனா

கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் வீட்டு ஓட்டின் மேல் நின்ற ஆன்டெனா, டிவி டவரைப் பார்த்து நிற்காது. டவர் இருப்பது கிழக்கே, கொடைக்கானலில். ஆன்டெனா பார்த்ததோ மேற்கே, எதிரில் இருந்த மொட்டைப் பாறையை. ஒருமுறை மதுரையிலிருந்து வந்த மாமா, "எவன்டா இதை மாட்டினது?" என்று சிரித்துக்கொண்டே ஏறி, டவர் பக்கம் திருப்பிவிட்டார். இருந்த படமும் போனது. இரவுச் செய்திக்குள் அவரே மறுபடி ஏறி, பாறையைப் பார்க்க வைத்தார்.

மாமா மேல் தப்பில்லை. மதுரையில் அவர் வீட்டுக்கு அது சரியான கணக்கு. டிவி அலை கிட்டத்தட்ட ஒளி போல நேர்கோட்டில் போகும். காற்று மேலே போகப்போக அடர்த்தி குறைவதால் பூமியின் வளைவை ஒட்டிக் கொஞ்சம் குனியவும் செய்யும். டவரின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலை எட்டும் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம் என்று வைத்தால், 190 கி.மீ. வருகிறது. வான்வழியே 75 கி.மீ. சொச்சத்தில் இருக்கும் மதுரை இதில் பாதி தூரம்கூட இல்லை. சமவெளியில் இதே தூரத்துக்குக் கட்டவேண்டிய கோபுரத்தை மலை சும்மா தருகிறது.

ஆனால் எங்கள் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர் பக்கம் கதையே வேறு. பக்கத்து ஊர்தான், இடையில் மேடுகள். விளக்கின் அடியில் இருட்டு என்பார்களே, அதேதான். மேட்டின் விளிம்பில் அலை சற்று வளைந்து கீழே இறங்கும். அதன் பலம் போதாது. எங்களுக்கு வந்த படம், மேட்டைத் தாண்டிப் போய் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பிய அலை.

பட்டுத் திரும்பிய அலை மட்டும் வந்தால் பிரச்சினை இல்லை. நேரே வருவதும் திரும்பி வருவதும் சேர்ந்து வந்தால்தான் வினை. எதிரொலி 3 கி.மீ. கூடுதலாகச் சுற்றி வருகிறது என்றால் 10 மைக்ரோ வினாடி தாமதம். பால் (PAL) என்ற பழைய அனலாக் ஒளிபரப்பு முறையில் படத்துக்கு 625 கோடுகள்; ஒரு கோட்டில் கண்ணுக்குத் தெரியும் பகுதியை வரைய 52 மைக்ரோ வினாடிதான். ஆக, அந்தத் தாமதம் திரையின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 20 அங்குல டிவியில் செய்தி வாசிப்பவருக்கு வலப்பக்கம், ஏறக்குறைய 8 செ.மீ. தள்ளி, மங்கலாக இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். எந்தப் பாறை குற்றவாளி என்று அளவுகோல் வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

ஒளிபரப்பை டிஜிட்டலுக்கு மாற்றும்போது இந்த எதிரொலியின் மேல்தான் முதலில் கை வைக்கிறார்கள். நாதஸ்வரக் கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமான பிருகா மலையில் பட்டுத் திரும்பினால் ஸ்வரங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குழம்பும். சுருதி மட்டும் பிடிக்கும் குழலான ஒத்து ஊதுபவருக்கு அந்தக் கவலை இல்லை. அதே சுருதி நீண்டு நிற்கிறது. எதிரொலியும் அதே சுருதியின் மேல்தான் வந்து விழும். சத்தம் கூடலாம், குறையலாம், சுருதி மாறாது. டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறை செய்வது இதைத்தான். தகவலை ஒரே வேகமான ஓட்டமாக அனுப்பாமல், 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் 27,000-க்கும் மேற்பட்ட மெதுவான ஒத்துகளாகப் பிரித்துவிடுகிறது. அதன் பெரிய அமைப்பில் ஒவ்வொன்றும் சுமார் 3.6 மில்லி வினாடி அப்படியே நிற்கும். அதற்கு முன்னால், எதிரொலிகள் வந்து அடங்கட்டும் என்று ஓர் இடைவெளி. எட்டில் ஒரு பங்கு ஒதுக்கினால் 448 மைக்ரோ வினாடி. அதற்குள் அலை 134 கி.மீ. ஓடிவிடும். எங்கள் பாறையின் 3 கி.மீ. எந்த மூலைக்கு? எதிரொலியால் சில ஒத்துகள் அமுங்கிப் போகும்தான். அவற்றில் போன தகவலைப் பிழைதிருத்தக் குறியீடு மீட்டுவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்த படி. எதிரொலி தொல்லை இல்லை என்றானால், பள்ளத்து ஊருக்கென்று ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை அதே அலைவரிசையில் நிறுத்தலாம். ரிசீவருக்கு அதுவும் இன்னோர் எதிரொலிதான். அனலாக்கில் இப்படிச் செய்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். வேறு அலைவரிசை தேடவேண்டும். இங்கே முக்கிய நிபந்தனை, இரண்டு டிரான்ஸ்மிட்டர்களும் ஒரே கடிகாரத்துக்கு ஆடவேண்டும். அதற்கு ஜிபிஎஸ் ரிசீவர் போதும்.

மற்ற மாற்றங்கள் எல்லாம் டிரான்ஸ்மிட்டர் பெட்டிக்குள். வால்வு என்ற பழைய வெற்றிடக் குழாய் இருந்த இடத்தில் டிரான்சிஸ்டர் அடுக்குகள் வரும்; ஒன்று புகைந்தாலும் மற்றவை ஓட்டும். அலைவரிசை மாறாவிட்டால் டவர் உச்சியில் உள்ள ஆன்டெனாவைக்கூடத் தொட வேண்டியதில்லை. ஒரு சேனல் போன இடத்தில் எட்டு, பத்து போகும். ஒரு குறை உண்டு: சிக்னல் இளைத்தால் அனலாக் படம் புள்ளி புள்ளியாகவாவது ஓடும். டிஜிட்டல் கட்டம் கட்டமாக உறைந்து, சட்டென்று நின்றே போகும்.

சென்னை உட்பட 16 நகரங்களில் 2016-இல் தூர்தர்ஷன் இந்த முறையைத் தொடங்கியது. 2022-க்குள் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. அதற்குள் மேல்மலை ஓடுகளில் டிஷ் ஏறிவிட்டது. டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், இங்கிருந்து பார்த்தால் தென்கிழக்கே தரையிலிருந்து ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில் நிற்கிறது. எந்த மேடும் அவ்வளவு உயரத்துக்கு மறைக்காது. மூடுபனி வந்தால் படம் போகும் என்று ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். பனித்துளி மிகச் சிறியது, அது ஒன்றும் செய்யாது. கனமழைத் துளிதான், இரண்டரை செ.மீ. நீளமே உள்ள அந்த அலையை வாங்கி விழுங்கும். ஐப்பசி அடைமழையில் அரைமணி நேரம் படம் போனால், யாரும் ஓட்டின் மேல் ஏற வேண்டாம்.