மேட்டு விளிம்பில் காற்று ஏன் பின்னோக்கி வீசுகிறது?

"புக்கிட் ஜுக்ரா குன்றிலிருந்து பாராகிளைடர் என்ற துணி இறக்கையில் பறக்கிறார்களே, எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள புல்மேட்டையும் அப்படித் தயார் செய்ய முடியுமா?" மலேசியாவின் பந்திங்கிலிருந்து ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

முடியும், மேடு காற்றைப் பார்த்து நின்றால். பறத்தல் முன்னோடியான ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் 1894இல் பெர்லின் அருகே 15 மீட்டர் உயரத்துக்குக் கூம்பு வடிவ மண்குன்றையே எழுப்பினார். எந்தத் திசைக் காற்றானாலும் அதை எதிர்த்து ஓடிக் கிளம்பலாம் என்பதற்காக. பந்திங் பக்கம் வெயில் ஏறிய பிறகு மலாக்கா நீரிணையிலிருந்து கடல்காற்று வரும். மேற்குச் சரிவு அதற்குத் தோது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று 20 பாகைச் சரிவை ஒட்டி ஏறினால், விநாடிக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் மேலே போகிறது. பாராகிளைடர் இறங்குவதோ விநாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். மிச்சம்தான் ஆளைத் தூக்குகிறது.

லாலாங் புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்ட வேண்டும்; பழைய பால்மரக் கட்டைகளைத் தோண்டி எடுக்க வேண்டும். இறக்கையின் நூல்கள் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான், எதிலும் சிக்கிவிடும். ஆனால் புல்லை வேரோடு பிடுங்கக் கூடாது. நம் ஊர் மழைக்கு மண் நிற்காது.

முக்கியமான வேலை விளிம்பில் இருக்கிறது. சரிவில் ஏறிவரும் காற்று, மேட்டின் கூரான விளிம்பில் சட்டென்று திரும்பித் தரையோடு படிந்து ஓடாது. ஏறிய வேகத்திலேயே விளிம்பை விட்டுப் பிரிந்து தாண்டிவிடும். அதன் அடியில் அழுத்தம் குறைகிறது. அதை நிரப்பப் பின்னாலிருக்கும் காற்று முன்னோக்கி வந்து சுருள்கிறது. ஆற்றுப் பாறைக்குப் பின்னால் மிதக்கும் சருகு, நீரோட்டத்தை எதிர்த்துப் பாறையை நோக்கி வருவதும் இப்படித்தான். ஒரு கம்பை விளிம்புக்குச் சற்று உள்ளே நட்டு, முழங்கால் உயரத்தில் ஒரு நூலும் தலைக்கு மேல் ஒரு நூலும் கட்டிப் பாருங்கள். மேல்நூல் உங்களைத் தாண்டிப் பின்னால் பறக்கும். கீழ்நூல் அதற்கு நேரெதிராகப் பள்ளத்தைக் காட்டும். ஒரே கம்பு, ஒரே நேரம், இரண்டு காற்று! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. விரித்துப் போட்ட இறக்கை அந்தக் கீழ்க்காற்றில் எழும்பாது. எழும்பினாலும் பாதியில் மடங்கிவிடும். விளிம்பை வெட்டி, மண் போட்டு, வளைவாகச் சரித்துவிட்டால் காற்று தரையை விடாமல் ஏறிவரும்.

மரங்களும் இதே சுழலை உண்டாக்குகின்றன. காற்று வரும் பக்கம் 12 மீட்டர் செம்பனை நின்றால், அதன் உயரத்தைப்போல் ஏழு முதல் பத்து மடங்கு தூரம், அதாவது 120 மீட்டர் வரை ஒதுங்கியிருப்பது நல்லது.

இப்படி மேட்டில் சுழன்றடிக்கும் காற்றைக் காத்துக் கருப்பு என்று சொல்லிப் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு காற்றுமானி வாங்கித் தர அதிகம் செலவாகாது. அளந்து பழகிய பிள்ளைக்கு அந்தப் பயம் இருக்காது.

நீங்கள் முதலில் நூல் கட்டிய கம்புகளை நட்டு, சில வாரம் மத்தியானக் காற்றைக் குறித்து வையுங்கள். இறங்குவதற்குத் தோட்டத்துத் திடல் போதுமா, பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். பயிற்சி பெற்ற பறப்பாளர் நேரில் வந்து பார்க்கும்வரை யாரும் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.