மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்

வியாசர்பாடிப் பக்கம் ஒரு கிரவுண்டு. மாலை ஐந்தரை மணி, பெண் பிள்ளைகளின் பிராக்டிஸ் முடியும் நேரம். சுவரோரம் வரிசையாகக் கிடந்த பைகளில் ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். காலையில் வீட்டில் பிடித்த தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது. பாட்டிலுக்குச் சொந்தக்காரிக்குப் பதினான்கு வயது இருக்கும். ஜெர்சியைப் பிழிந்தால் சொட்டும்.

"ஏம்மா குடிக்கல?"

"குடிச்சா போவணும்லக்கா. எங்க போறது?"

கழிப்பறை இருந்தது. அதில் பூட்டும் இருந்தது. சாவி யாரிடம் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

வடசென்னைக்குக் கால்பந்து புதிதல்ல. வியாசர்பாடியைச் 'சின்ன பிரேசில்' என்று சொல்லியே பழகிவிட்டோம். தேசிய சீனியர் மகளிர் கோப்பையைத் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் வென்றிருக்கிறது. ஆனாலும் ஏரியாவுக்கு ஒரு கிரவுண்டு கட்டலாம் என்று பேச்செடுத்தால் டர்ஃப் என்னும் செயற்கைப் புல்தரை, ஃபிளட்லைட், கம்பிவேலி என்றுதான் பட்டியல் ஓடுகிறது. என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது கழிப்பறை. காரணம் உடம்புக்குள் இருக்கிறது.

ஓடும்போது தசைகள் கிளப்பும் சூட்டை உடம்பு வியர்வையால் வெளியேற்றுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போகும். ஆவியாக வேண்டும், அதுதான் நிபந்தனை. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் இங்கே வியர்வை ஆவியாகாமல் வழிந்து கீழே சொட்டுகிறது. தண்ணீர் போகிறது, சூடு போவதில்லை. உடம்பு இன்னும் வியர்க்கிறது. ரத்தத்தின் அளவு குறைகிறது. அதே வேலைக்கு இதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது. உடல் எடையில் 2 சதவீதம் அளவுக்கு நீர் இழந்தாலே வெயிலில் ஓடும் திறன் குறையத் தொடங்கும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பாலபாடம். 50 கிலோ பெண்ணுக்கு அது வெறும் ஒரு லிட்டர். அந்தப் பிள்ளை பள்ளியிலும் இதே காரணத்துக்காகக் குடிக்காமல் வந்திருந்தால், முதல் பந்தைத் தொடும்முன்பே கடனில் இருக்கிறாள். கடைசிப் பத்து நிமிடத்தில் அவள் நின்றுவிட்டால் "ஸ்டாமினா இல்ல" என்று கோச் சொல்லுவார். பூட்டைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதனால் கழிப்பறையின் இடம் முக்கியம். கோடியில், சுவருக்குப் பின்னால், இருட்டில் வைத்தால் கட்டியும் பயனில்லை. அம்மாக்கள் உட்காரும் படிக்கட்டுக்கு அருகில், வெளிச்சத்தில் இருக்க வேண்டும். வாசலில் 'ட' வடிவத்தில் ஒரு மறைப்புச் சுவர் எழுப்பினால் கதவு திறந்தாலும் உள்ளே பார்வை போகாது. அதன் பின்னாலேயே உடை மாற்றிக்கொள்ளலாம். உள்ளேயே குழாய், உள்தாழ்ப்பாள், நாப்கின் போட மூடியுள்ள கூடை, பை மாட்ட ஒரு கொக்கி. கொக்கி சின்ன விஷயம்தான். மாதவிடாய் நாளில் ஈரத்தரையில் பையை வைக்க இடம் தேடி நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அடுத்தது தரை. இங்கே முழங்கால் வருகிறது. முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் நார்களில் ஒன்றைத்தான் விளையாட்டுக்காரர்கள் ஏசிஎல் என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண் வீரர்களுக்கு இது கிழிவது இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலே கிழிகிறது: ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது, குதித்து இறங்கும்போது. இடுப்பின் அமைப்பு, தசைப் பழக்கம், ஹார்மோன் என்று பல காரணங்களை ஆராய்கிறார்கள். எது எவ்வளவு என்று இன்னும் சண்டை ஓயவில்லை. தரையின் பங்கை மட்டும் கருவி வைத்தே அளக்கலாம். பூட்ஸின் அடியில் இருப்பதுபோல ஸ்டட் முளைகள் பதித்த ஒரு வட்டத்தட்டை எடையோடு தரையில் வைத்துத் திருகுவார்கள். உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் தரக் கணக்கில், திருகும் விசை 25 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்போது தரை வழிவிட வேண்டும். அதற்குக் கீழே என்றால் கால் வழுக்கும். மேலே என்றால் பூட்ஸ் தரையில் மாட்டிக்கொள்ளும், உடம்பு திரும்பிவிடும், நடுவில் இருக்கும் முட்டி மாட்டும். அண்ணனின் பழைய பூட்ஸில் காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டு ஆடும் பிள்ளைக்கு இது இரட்டை ஆபத்து.

நம்மாலேயே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. காற்று சரியாக இருக்கும் பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விடுங்கள். நல்ல டர்ஃபில் 60 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் எழும்ப வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்து இறுகிய மண்ணில் அது எங்கேயோ போகும். பந்துக்குத் திரும்பும் அதே அதிர்ச்சிதான் ஒவ்வொரு அடியிலும் காலுக்கும் திரும்புகிறது.

அப்படியென்றால் டர்ஃப்தானே? அவசரப்பட வேண்டாம். புல் தன் இலை வழியே நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் இழையும் கறுப்பு ரப்பர் துகளும் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். உச்சிவெயிலில் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அடியில் அதிர்வு தாங்கும் மெத்தை இல்லாத மலிவு டர்ஃபை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உழுது தண்ணீர் தெளித்துச் சமன் செய்த செம்மண் தரையைவிட மோசம் என்றே சொல்லுவேன். காசு இருந்தால் மெத்தையோடு போடுங்கள். ரப்பருக்குப் பதில் தேங்காய் நாரும் தக்கையும் கலந்த நிரப்பி கிடைக்கிறது, சூடு குறையும்.

காசே செலவில்லாத வழியும் இருக்கிறது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1892 பேரை வைத்து நடந்து, 2008-இல் வெளியான ஆய்வில், இருபது நிமிட வார்ம்-அப் ஒன்று மொத்தக் காயங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது. ஓட்டம், தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, ஒற்றைக்கால் சமநிலை, முட்டி உள்பக்கம் மடியாமல் குதித்து இறங்குவது, இப்படி எளிய பயிற்சிகள்தான். ஃபிஃபா 11+ என்று தேடினால் கிடைக்கும். அதற்குத் தேவை ஒரு ஓரத்தில் நிழலான நீளப் பட்டை. பிளானில் அதையும் வரையச் சொல்லுங்கள்.

வெளிச்சத்தில் அளவைவிடச் சீர் பெரிது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; பயிற்சிக்கு 75 லக்ஸ் போதும் என்கிறது ஐரோப்பியத் தரம். ஆனால் மிக மங்கிய இடம், சராசரியில் பாதிக்குக் குறையக் கூடாது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் பந்து போகும்போது கண்மணி விரிய நேரம் பிடிக்கும், அதற்குள் பந்து முகத்துக்கு வந்துவிடும். கார்த்திகையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கிரவுண்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை விளக்கு இல்லையென்றால் அந்த மாதம் பிராக்டிஸுக்கு ஆள் வராது.

அடுத்து கேட். அதைப் பற்றி 1990-களில் ஆஸ்திரியாவின் வியன்னா நகரம் கண்டுபிடித்ததை அந்தத் தண்ணீர் பாட்டில் பிள்ளை தானாகவே சொன்னாள். அங்கே பத்து வயதை ஒட்டியதும் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது குறைந்ததைக் கவனித்து, 1999-இல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள்: ஒரே பெரிய திடலைப் பிரித்தார்கள், உள்ளே வரும் வழிகளைக் கூட்டினார்கள், உட்கார இடம் வைத்தார்கள். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இவள் சொன்னது: "ரெண்டு கேட் வேணுங்கா. ஒண்ணுல எப்பவும் பைக்க போட்டு உக்காந்திருப்பாங்க." அப்படியே வேலியை ஒட்டி ஒரு நடைபாதை, அதில் ஏற 12 அடி நீளத்துக்கு ஒரு அடி மட்டும் உயரும் சரிவு. சக்கர நாற்காலி வரும், சுகர் வாக்கிங் போகும் ஆயாக்கள் வருவார்கள். ஆயாக்கள் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் யாரும் வாலாட்ட மாட்டார்கள்.

கடைசியில் மழை. ரோட்டை ரோட்டின் மேலேயே போட்டுப் போட்டு இங்கே பல கிரவுண்டுகள் தெருவைவிடப் பள்ளமாகிவிட்டன. 68 மீட்டர் அகல மைதானத்தின் நடுவை இரு பக்கமும் 1 சதவீதச் சரிவாக உயர்த்தினால் நடு 34 சென்டிமீட்டர் எழும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். 105 மீட்டர் நீளத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது ஏழு லட்சம் லிட்டருக்கு மேல், கிட்டத்தட்ட 60 லாரித் தண்ணீர். ஓரக் கால்வாயில் வடிகட்டி, 20,000 லிட்டர் தொட்டியில் பிடித்தால் ஒரு தடவைக்கு 6 லிட்டர் வீதம் மூவாயிரம் தடவைக்கு மேல் கழிப்பறையில் ஊற்றலாம். தொட்டியைக் கழிப்பறைக்கு அடியிலேயே தோண்டிவிட்டால் குழாய்ச் செலவும் மிச்சம்.