பூக்கும் முன் இலையைக் கிள்ளிவிட்டால் குற்றமில்லையா?

கஞ்சாச் செடி பூப்பதற்கு முன் அகன்ற இலைகளைக் கிள்ளிவிட்டால் அடிக்கிளை வரை வெயில் விழுந்து பூ திரளும் என்று ஒரு சாராரும், திறந்தவெளியில் நிற்கும் செடிக்கு அது வேண்டாத வேலை, இலையைக் கழித்தால் செடிதான் இளைக்கும் என்று மறுசாராரும் யூடியூபில் வாதாடுவதைக் காரைக்குடி இளைஞர்களும் பார்க்கிறார்கள். கனடாவில் 2018 அக்டோபர் முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நான்கு செடிகளும், ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்த ஒருவருக்கு மூன்று செடிகளும் வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. இங்கே தரவில்லை.

வழக்கறிஞரான என்னிடம் ஆலோசனைக்கு வருவோரில் சிலர், "பூ வந்தால்தானே சார் கஞ்சா? இலைக்குக் கேஸ் கிடையாதாமே?" என்று கேட்கிறார்கள். இது பாதி உண்மை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 'கஞ்சா' என்பதற்குத் தரும் விளக்கத்தில், பூ அல்லது காய் பிடித்த நுனிகள் அடங்கும். நுனியோடு சேராத இலையும் விதையும் அடங்கா. ஆகவே பிடிபட்ட பொருளை எடை போடும்போது தண்டு, வேர்மண், உதிர்ந்த இலை எல்லாம் சேர்க்கப்பட்டனவா என்று நாங்கள் குறுக்கு விசாரணையில் கேட்பது பயன் தரும். 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு என்பதால் தண்டனையே அந்த எடையைப் பொறுத்து மாறுகிறது. ஆனால் செடி வளர்ப்பது தனிக் குற்றம். 20(அ) பிரிவு பூவையும் பார்ப்பதில்லை, எடையையும் பார்ப்பதில்லை. ஒற்றைச் செடியாக இருந்தாலும் பத்து ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

செடி தானாக முளைத்தது என்பது இவ்வழக்குகளில் வலுவான எதிர்வாதம். உத்தரப் பிரதேச வழக்கொன்றில், செடி நின்றது என்பது மட்டும் போதாது, குற்றம் சாட்டப்பட்டவரே பயிரிட்டார் என்பதற்குச் சான்று வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விடுதலை அளித்திருக்கிறது. இலை கிள்ளியவன் அந்த வாதத்தைத் தன் கையாலேயே கெடுத்துக்கொள்கிறான். காம்பு வெட்டிய தழும்பு, மண் அணைத்த பாத்தி, கைபேசியில் தேடிய கவாத்துக் காணொளி ஆகிய மூன்றும் மகஜரில், அதாவது காவல்துறை எழுதும் பறிமுதல் பதிவில், ஏறிவிட்டால், காட்டுச்செடி என்று வாதாட எனக்கு வாய் வராது.

செட்டிநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, சாவி காவலாளியிடம் இருக்கிறது. பின்கட்டுக் கிணற்றடியில் அவருடைய உறவுக்காரப் பையன் நட்டதற்கு வீட்டுக்காரர் உடனே குற்றவாளியாகிவிட மாட்டார். ஆனால் தெரிந்தே இடம் கொடுத்தால், 25-ஆம் பிரிவின்படி அதே தண்டனை அவருக்கும் உண்டு. தோட்டம் சுத்தம் செய்த படம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததில், கறிவேப்பிலைக்குப் பின்னால் ரம்பப்பல் ஓரத்தோடு விரல்களாய் விரிந்த இலை தெரிந்தும் பேசாமல் இருந்தால், 'எனக்குத் தெரியாது' என்பதை நிறுவுவது எளிதல்ல.

46-ஆம் பிரிவின்படி, தன் நிலத்தில் இத்தகைய செடி இருப்பதை அறிந்தவர் காவல்துறைக்கு உடனே தகவல் தர வேண்டும். பிடுங்கி எரித்துவிட்டால் தீர்ந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் தகவல் தந்ததற்குச் சான்று எதுவும் கையில் மிஞ்சாதே! செடியைத் தொடாமல், வெளியூரில் இருப்பவர் நம்பிக்கையான பங்காளி ஒருவர் மூலம் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.