எம்பாடீட் காக்னிஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

மனிதருக்கு மொழி எப்படிப் புரிகிறது என்ற பேச்சு வந்தால், கூடவே வரும் தொடர் 'எம்பாடீட் காக்னிஷன்'. நம் அறிவு உடலின் அமைப்பையும் அனுபவத்தையும் சார்ந்தே உருவாகிறது என்ற கருத்து அது. இதை 'உள்ளடக்கிய அறிவாற்றல்' என்று பெயர்த்தால் எதை எது உள்ளடக்கியது என்று படிப்பவர் திகைப்பார். 'உருவக அறிதல்' என்றாலும் வம்புதான், நமக்கு உருவகம் என்றால் அணியிலக்கணம். என் தேர்வு 'உடல்வழி அறிதல்'. காரணம் சொல்வதற்கு முன் தொடரைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

'காக்னிஷன்' லத்தீன் வழி வந்த சொல். அந்த மொழியில் 'காக்னோஸ்கெரே' என்றால் அறிந்துகொள்வது. அறிந்துகொள்ளும் செயலைக் குறிப்பதால், 'அறிவு' என்பதைவிட 'அறிதல்' இதற்கு நெருக்கமானது. 'அறிவாற்றல்' என்றால் யாருக்கு அதிகம், யாருக்குக் குறைவு என்ற நினைப்பு உடனே ஒட்டிக்கொள்கிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'அறிகை'யும் நல்ல சொல்தான்.

'எம்பாடீட்' என்பதன் நடுவில் இருப்பது 'பாடி', அதாவது உடல். உருவமற்ற ஆவிக்கு உடல் கொடுப்பது என்பதே அந்த வினையின் பழைய பொருள். அறிவியலுக்குள் வந்ததும் பொருள் ஏறக்குறைய எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. எங்கோ தனியாக இருந்த அறிவு உடலுக்குள் வந்து குடியேறியது என்று இந்தத் துறையினர் சொல்வதில்லை. கை, கால், கண், நாக்கு எல்லாம் வேறு மாதிரி அமைந்திருந்தால் நம் அறிவே வேறு மாதிரி இருந்திருக்கும் என்கிறார்கள்.

பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-போன்டி 1945-லேயே இந்தப் பாதையைத் திறந்துவிட்டார். 1991-இல் வரேலா, தாம்சன், ராஷ் மூவரும் எழுதிய நூல் 'எம்பாடீட்' என்ற அடைமொழியைத் துறைக்குள் நிலைநிறுத்தியது. அவர்கள் எதிர்த்தது, மனம் என்பது குறியீடுகளை விதிப்படி மாற்றியடுக்கும் ஒரு கணினி என்ற பார்வையை.

அந்தப் பார்வையில் என்ன குறை? அறிதல் ஆய்வாளர் ஸ்டீவன் ஹார்னாட் 1990-இல் அதைத் தெளிவாகக் காட்டினார். சீனம் தெரியாத ஒருவரிடம் சீன-சீன அகராதி ஒன்று மட்டும் இருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பொருள் தேடினால் வேறு சில சீனக் குறிகள் கிடைக்கும். அவற்றுக்குப் பொருள் தேடினால் இன்னும் சில. ராட்டினம் சுற்றிக்கொண்டே இருக்குமே தவிர, எந்த இடத்திலும் உலகம் வந்து தொடாது. எங்காவது சில சொற்களாவது பார்த்ததோடும் தொட்டதோடும் நேரடியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டு உடலில் இருக்கிறது என்பதே உடல்வழி அறிதலின் பதில்.

மூளைக்குள் இதற்குத் தடயம் உண்டா என்றால், உண்டு. மூளையின் இயக்கப் புறணியில், அதாவது உடலை அசைக்கும் மேற்பரப்புப் பகுதியில், உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. காலுக்கு உச்சியில், கைக்குப் பக்கவாட்டில், முகத்துக்கும் நாக்குக்கும் அதற்குக் கீழே. ஹௌக், ஜான்ஸ்ரூட், புல்வெர்முல்லர் மூவரும் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உதைப்பது, எடுப்பது, நக்குவது போன்ற செயல்களைக் குறிக்கும் ஆங்கில வினைகளைச் சிலர் அசையாமல் படிக்க, அவர்கள் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கால் வினையைப் படித்தபோது காலை அசைக்கும் பகுதியை ஒட்டியும், கை வினைக்குக் கைப்பகுதியை ஒட்டியும் செயல்பாடு கூடியது. நாக்கு வினைக்கும் அதே கதைதான். சொல்லின் பொருளைப் பிடிக்க மூளை அந்தச் செயலையே மெலிதாக உள்ளுக்குள் நடத்திப் பார்க்கிறது என்று உடல்வழிக் கட்சியினர் இதை விளக்குகிறார்கள்.

சரி, கதை இதோடு முடிந்ததா? இல்லை. அந்தப் பகுதி விழிப்பது பொருள் புரிவதற்கு உதவியா, அல்லது பொருள் புரிந்தபின் எழும் எதிரொலியா? மஹோனும் கரமாஸாவும் 2008-இல் இதே கேள்வியைத்தான் எழுப்பினார்கள். இன்னொரு பக்கம், 2002-இல் கிளென்பெர்க், காஷாக் இருவரும் ஒரு புகழ்பெற்ற விளைவை அறிவித்திருந்தார்கள். வாக்கியம் சொல்லும் திசையும், அதற்குப் பதில் தரக் கை நகரும் திசையும் ஒன்றானால், பதில் வேகமாக வருகிறது என்றார்கள். பல ஆய்வகங்கள் சேர்ந்து அதை மறுபடி சோதித்து 2022-இல் வெளியிட்டபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவர்களும் உற்றுப் பார்ப்பதற்கும் ஓரக்கண்ணால் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். கண்ணால் கிடைக்காத பொருளையும் மொழியே கொண்டுவந்து சேர்க்கிறது என்றுதானே ஆகிறது? ஆகவே உடல் உதவுகிறது என்ற மிதமான வாதத்தோடு நான் நிற்கிறேன். உடல் மட்டுமே என்ற தீவிர வாதத்துக்குச் சான்று போதவில்லை.

உடல் வாடை வீசும் பேச்சு நம்மிடம் நிறையவே உண்டு. புரியாததை 'பிடிபடவில்லை', 'எட்டவில்லை', 'மண்டையில் ஏறவில்லை' என்கிறோம். ஏற்க முடியாத செய்தியை 'ஜீரணிக்க முடியவில்லை' என்கிறோம். அருவமான கருத்துகளை உடல் அனுபவத்தைக் கொண்டே பேசுகிறோம் என்று மொழியியலாளர் லேகாஃபும் மெய்யியலாளர் ஜான்சனும் 1980-இல் வாதிட்டதற்கு இவை நல்ல உதாரணங்கள். ஆனால் 'பிடிபடவில்லை' என்று சொல்லும்போதெல்லாம் மூளை கையை நினைக்கிறது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. பழகிப் பழகித் தேய்ந்த தொடர்கள் வெறும் பேச்சாகவும் இருக்கலாம்.

இனி பெயர் விவகாரம். 'மெய்' உடலையும் குறிப்பதால் 'மெய்யறிதல்' என்று ஆக்கும் ஆசை எனக்கும் வந்தது. அழகான சொல். ஆனால் 'மெய்யுணர்தல்' என்று குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. அது உண்மையை உணர்வது பற்றியது. அந்தப் பொருளின் நிழல் இதன்மேலும் விழும். தொல்காப்பியம் ஓரறிவு உயிருக்குச் சொல்லும் 'உற்றறிவது' இன்னும் கவர்ச்சியானது. அறிவின் முதல் படியாகத் தொடுதலை வைத்த சொல் அது. ஆனால் தொடுதலோடு நின்றுவிடுகிறது, கண்ணும் காதும் கை வீச்சும் வெளியே போய்விடும். 'மெய்ப்பாடு' உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைச் சொல்கிறது. நமக்கு வேண்டிய திசை அதற்கு நேர் எதிர்.

'உடல்சார் அறிதல்' என்று எழுதுவதில் தவறில்லை, ஆனால் உடலைப் பற்றிய அறிவு, ஏதோ உடற்கூறியல் போலும் என்று படித்துவிட வாய்ப்புண்டு. 'வழி' போட்டால் அந்தக் குழப்பம் போய்விடுகிறது. அப்புறம், 'எம்பாடீட் ஏஐ' என்று ரோபோ ஆய்வாளர்கள் சொல்வதற்கும் இதே சொல்லைத் திணிக்க வேண்டியதில்லை. அங்கே பேச்சு சக்கரமும் கையும் கேமராவும் உள்ள இயந்திரத்தைப் பற்றியது. 'உடலுள்ள செயற்கை நுண்ணறிவு' என்றால் போதும்.