இளவேனில்: சொல்லும் பருவமும்

‘வசந்தம்’ என்பது வடசொல். உருசிய மொழியின் ‘வெஸ்னா’, இலத்தீனின் ‘வேர்’ ஆகிய பருவப் பெயர்களும் அதுவும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. அதற்கு நேராகத் தமிழில் வழங்கிவரும் சொல் இளவேனில்.

‘வே’ என்னும் அடியிலிருந்து வேதல், வேக்காடு முதலிய சொற்கள் பிறக்கின்றன. வெம்மையைக் குறிக்கும் வேனிலும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. மலையாளத்தில் இன்றும் கோடைக்கு ‘வேனல்’ என்றே பெயர். ஆகவே இளவேனில் என்பது வெப்பத்தின் இளம்பருவம். குளிர்நாட்டார் பனி விலகுவதைக் கொண்டாடும் பருவத்தை, நம் முன்னோர் வெயில் முதிரத் தொடங்கும் பருவமாகக் கண்டு பெயரிட்டிருக்கிறார்கள். இந்த மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்பது என் துணிபு.

பெரும்பொழுது ஆறனுள் சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கு உரியவை. ஆயினும் அதன் வரவைக் காணச் சித்திரை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பின்பனிக்குரிய மாசி, பங்குனியிலேயே கிராமத்து வீட்டைச் சுற்றி அறிகுறிகள் தோன்றிவிடும். வேம்பு பழுத்த இலைகளை உதிர்த்து, காலையில் பெருக்கிய வாசலை மாலைக்குள் மஞ்சளாக்கிவிட்டு, செம்பு நிறத் துளிர்களை விடும். சில வாரங்களில் அதே வாசலில் அரிசிமணி அளவேயுள்ள வெண்பூக்கள் உதிரத் தொடங்கும். அவற்றை முறத்தில் அள்ளிக் காயவைத்தால் ஆண்டு முழுவதும் ரசத்துக்கு ஆகும். விடியுமுன்னே கொல்லை மரத்திலிருந்து ஒலியை மேன்மேலும் உயர்த்திக் கூவுவது ஆண்குயில். காகம் கூடு கட்டும் காலமே அதற்கும் இனப்பெருக்கக் காலம்.

இந்த அறிகுறிகளைச் சங்கப் புலவர் ஓதலாந்தையார் ஐங்குறுநூற்றின் ‘இளவேனிற்பத்து’ என்னும் பகுதியில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். பத்துப் பாடல்களும் ‘அவரோ வாரார் தான் வந்தன்றே’ என்றே தொடங்குகின்றன: பிரிந்து சென்ற தலைவர் வரவில்லை, பருவமோ வந்துவிட்டது. அதன்பின் பாட்டுக்கு ஓர் அடையாளம் வருகிறது. குயிலின் குரல், கோங்கின் முகை, குரவம், பாதிரி என நீளும் அந்த வரிசையில் ‘பொரிப்பூம் புன்கு’ என்பது நாம் இன்று புங்கம் என்னும் மரம். அதன் சிறு பூக்கள் மரத்தடியில் பொரி இறைத்தாற்போல் கிடப்பதைக் கண்டவர்களுக்கு அந்த அடைமொழிக்கு உரை தேவைப்படாது. மாவின் புதுத்தளிரை ‘எரிகால் இளந்தளிர்’ என்பதும் அவ்வாறே. பச்சையம் நிறையுமுன் சிவப்பு நிறமி மேலோங்கி நிற்பதால் அத்தளிர் வெயிலில் தீக்கொழுந்தின் நிறம் காட்டும். பத்தாம் பாட்டில் வேம்பின் பூ உதிர்கிறது.

இனி, வசந்தம் என்னும் சொல் தமிழில் எங்கே வேரூன்றியது என்று பார்த்தால், அங்கும் வெயிலே முன்நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மதுரையில் எழுப்பிய புது மண்டபம் வசந்த விழாவுக்கென்றே கட்டப்பட்டது. இறைவன் எழுந்தருளும் இடத்துக்குக் குளிர்ச்சி தருவதற்காக அதைச் சுற்றி நீர் நிறுத்த அகழி போன்ற அமைப்பும் செய்தார்கள். பெயர் வடமொழியாயினும், வழிபாட்டில் அது குறித்தது நம் வேனிலைத்தான்.

எனவே வசந்த மண்டபம், வசந்த உற்சவம் போன்ற நிலைத்த பெயர்களை அவ்வாறே வழங்கலாம். பருவத்தைச் சுட்டுமிடத்தில் இளவேனில் என்று எழுதுவதே தகும். காலம் என்பதோடு சேரும்போது அது ‘இளவேனிற்காலம்’ எனப் புணரும். ‘இளவேனில்காலம்’ என்று லகரத்தை மாற்றாமல் எழுதுவது பிழை.