காற்றுபோல் ஒளியும் சிராய்

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “பையன் மாமரத்திலிருந்து விழுந்தபோது கண்ணுக்குக் கீழே குச்சி குத்திவிட்டது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று வாரத்தில் வீங்கிச் சீழ் வடிந்தது. மறுபடி பார்த்தால் உள்ளே குச்சித்துண்டு! மாமியார் கண்ணேறு என்கிறார்.”

கண்ணேறு இல்லை, எண்களின் கூத்து.

கண்குழி சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் கூம்பு. விழிக்கு அதில் 7 போதும். மிச்சத்தில் பெரும்பகுதி கொழுப்பும் தசையும். சிராய் பதுங்க வசதியான இடம்.

சிடி ஸ்கேன் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் போடும். தண்ணீர் 0, காற்று −1000, கொழுப்பு −100 பக்கம். காய்ந்த மரத்துக்குள் நிறையக் காற்று இருப்பதால் அது −500 வாக்கில் நிற்கும். இத்தனை எண்ணையும் கண் பிரித்தறியாது என்பதால், திரையில் ஒரு குறுகிய வரம்புக்கு மட்டும் சாம்பல் நிறங்களைப் பங்கிடுகிறார்கள். அதற்குக் கீழே எல்லாமே கருப்பு. அரைக்கிலோவுக்குக் கீழ் காட்டாத தராசில் கடுகும் வெறுந்தட்டும் ஒன்றுதானே! காயம் வழியாகக் காற்று புகுவது சகஜம், எனவே ‘குமிழி’ என்று தாண்டிப் போய்விடுவார்கள். வரம்பை அகட்டினால் போதும்: காற்று கருப்பாகவே இருக்க, மரம் சாம்பலாக எழுந்து வரும். குமிழி உருண்டையாக இருக்கும். நேர்விளிம்பு தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். நாளாக ஆக மரத்தில் நீர் ஊறி எண் ஏறும். கொழுப்பின் எண்ணைத் தொடும்போது கொழுப்புக்குள்ளேயே மறையும்.

சிடி ஸ்கேனின் இந்தக் கணக்குக்கு விதை போட்டவர்களில் ஒருவர் நம் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கார்மாக். கேப் டவுனில் 1957-ல் அவர் சோதித்த பொருளே அலுமினிய உருளையைச் சுற்றிய மரவளையம்தான். உருளையின் நடுவில் அளவு கொஞ்சம் இடறியது. விசாரித்தால், பட்டறைக்காரர் அவருக்குச் சொல்லாமல் அங்கே ஒரு முளை செருகியிருந்தார்! 1963, 64-ல் வந்த கட்டுரைகளை அநேகமாக யாரும் சீண்டவில்லை. பிரதி கேட்டவர்களில் ஸ்விட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையமும் உண்டு. நோபல் 1979-ல். ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டே ஆய்வுப் பணத்தை நிறுத்துகிறவர்களுக்கு இந்தக் கதையை யாராவது சொல்ல வேண்டும்.

சரி, சிகிச்சை? ஆழத்தில் சும்மா கிடக்கும் கண்ணாடித் துண்டையும் சில உலோகத் துண்டுகளையும் விட்டுவைக்கலாம். மரத்தை விடக்கூடாது, பாக்டீரியாவும் பூஞ்சையும் அதில் குடியிருக்கும். அறுவை செய்து எடுப்பார்கள், ஆன்டிபயாட்டிக்கும் டெட்டனஸ் ஊசியும் கூடவே. எம்ஆர்ஐ எடுப்பதானால் உள்ளே இரும்பு இல்லை என்று முதலில் உறுதியாக வேண்டும். அந்தக் கருவியின் காந்தம் அதை நகர்த்திவிடும்.

இனி யாருக்காவது இப்படி ஆனால், குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள், கண்ணில் தாய்ப்பால் விடாதீர்கள். அழுத்தாமல் ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டுங்கள். மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றட்டும், அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் காரை எடுத்துவிடுங்கள்.