ஜிப்சம்: கற்பூர சிலாசத்தும் செவ்வாயின் வெள்ளைக் கோடும்

ஜிப்சம் என்பது நீரேறிய கால்சியம் சல்பேட். ஒரு மூலக்கூறு கால்சியம் சல்பேட்டுக்கு இரண்டு மூலக்கூறு நீர் என்ற கணக்கில் படிகத்துக்குள்ளேயே நீர் கட்டுண்டு கிடக்கும். எடைக்குச் சொன்னால், 100 கிராம் ஜிப்சத்தில் ஏறத்தாழ 21 கிராம் நீர். ஆனால் தொட்டால் ஈரம் இருக்காது, பொடித்தாலும் கசியாது. இப்படிப் படிகத்தின் உறுப்பாகவே ஆகிவிட்ட நீரைப் பள்ளிப் பாடத்தில் படிகநீர் என்று படித்திருப்போம். மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெளுப்பது இந்தப் படிகநீர் வெளியேறுவதால்தான். செவ்வாயில் ஒரு காலத்தில் நீர் ஓடியது என்று ஆய்வாளர்கள் உறுதியாகச் சொல்வதற்கு ஜிப்சமும் ஒரு முக்கியக் காரணம்.

இந்தச் சொல் நம் விவசாயிகளுக்குப் புதிதே இல்லை. நிலக்கடலை போட்டவர்கள் விதைத்த 40, 45ஆம் நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பார்கள். மண்ணுக்குள் இறங்கும் விழுது கால்சியத்தை நேரே மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அது குறைந்தால் காய் பொக்காகிவிடும். களர் நிலத்தைத் திருத்தவும் இதையே போடுகிறோம். சிமெண்ட் சட்டென்று இறுகிவிடாமல் இருக்க ஆலையில் சேர்ப்பதும் இதைத்தான்.

ஜிப்சம் என்பது லத்தீன் வடிவம். லத்தீனுக்கு அது கிரேக்க 'கிப்சோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. சாந்துக்கும் அதற்கான கல்லுக்கும் கிரேக்கர்கள் அந்த ஒரே பெயரை வைத்திருந்தார்கள். கிரேக்கத்துக்கே அது செமிட்டிக் மொழி ஒன்றிலிருந்து போயிருக்கலாம் என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. அரபியில் இன்றும் 'ஜிப்ஸ்' என்கிறார்கள். கண்ணாடி போலத் தெளிந்த ஜிப்சப் படிகத்துக்கு செலினைட் என்று தனிப்பெயர் உண்டு. கிரேக்கத்தில் 'செலினி' என்றால் நிலா.

தமிழில் இதற்குப் பெயர் இல்லையா? இருக்கிறது. சித்த மருத்துவத்தில் ஜிப்சத்துக்குக் கற்பூர சிலாசத்து என்று பெயர். நீரெரிச்சல், நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் கற்பூர சிலாசத்து பற்பம் இந்தக் கல்லைப் புடமிட்டுச் செய்வதுதான். சிலா என்றால் கல், ஜது என்றால் அரக்கு; இரண்டும் வடசொற்கள். முன்னால் ஏன் கற்பூரம் வந்தது என்பதைத் தெளிந்த ஜிப்சத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. மலைப்பாறையிலிருந்து வடியும் கரிய பிசினான கன்மதத்தை, அதாவது சிலாஜித்தை, இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. வெள்ளையாக இருக்கிறது, கால்சியம் இருக்கிறது என்பதால் சிலர் ஜிப்சத்தைச் சுண்ணாம்பு என்றே எழுதிவிடுகிறார்கள். அது பிழை. சுண்ணக்கல் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் நுரைக்கும், ஜிப்சம் நுரைக்காது. சுண்ணக்கல் நகத்துக்கு மசியாது, ஜிப்சத்தை நகத்தால் கீறிவிடலாம். செவ்வாயைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. அங்கே கார்பனேட் கிடைத்தால் ஒரு கதை, சல்பேட் கிடைத்தால் வேறு கதை. இரண்டையும் சுண்ணாம்பு என்று எழுதினால் கண்டுபிடிப்பே காணாமல் போய்விடும்.

சரி, செவ்வாய்க்கு வருவோம். 2004 ஜனவரியில் அங்கே இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி, ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஓடி, 2011 ஆகஸ்டில் சுமார் 22 கிலோமீட்டர் அகலமுள்ள எண்டெவர் பள்ளத்தின் விளிம்பை எட்டியது. அந்த ஆண்டு நவம்பரில் விளிம்பை ஒட்டிய பாறைத்தரையில் ஒரு வெள்ளைக் கோட்டைக் கண்டது. கட்டைவிரல் அகலம், அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், சுற்றியுள்ள பாறைக்கு மேல் லேசாகத் துருத்திக்கொண்டு நின்றது. அதற்கு ஹோம்ஸ்டேக் என்று பெயர் வைத்தார்கள். ஊர்தியின் கையிலிருந்த எக்ஸ் கதிர் கருவி அதில் கால்சியமும் கந்தகமும் நிறைந்திருப்பதைக் காட்டியது. கேமராவின் வண்ண வடிகட்டிகள் வழியே பார்த்தபோது, படிகநீர் கொண்ட கனிமத்துக்கு உரிய ஒளிச் சாயலும் தெரிந்தது. டிசம்பரில் முடிவை அறிவித்தார்கள்: ஜிப்சம்.

ஜிப்சம் இருந்தது என்பதைவிட, அது ஒரு விரிசலுக்குள் இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மணலாகக் கிடந்தால் எங்கிருந்தோ காற்று அள்ளிவந்தது என்று சொல்லலாம். செவ்வாயின் வடதுருவத்தை ஒட்டிய ஒலிம்பியா உண்டே மணல்மேடுகளில் ஜிப்சம் நிறைந்திருப்பதை மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம் 2005 வாக்கிலேயே கண்டது. ஆனால் மணல் நகரக்கூடியது. ஹோம்ஸ்டேக் நகர்ந்து வந்ததில்லை. ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராம் சொச்சம்தான் கரையும். கால்சியமும் சல்பேட்டும் கரைந்த நிலத்தடி நீர் பாறை விரிசலில் புகுந்து, செறிவு ஏற ஏறச் சுவரோரம் படிகமாக இறங்கினால்தான் இப்படி ஒரு நாளம், அதாவது விரிசலை நிரப்பிய கனிமக் கோடு, உருவாகும். அதாவது நீர் அந்த இடத்திலேயே, அந்தப் பாறைக்குள்ளேயே ஓடியிருக்கிறது. இதே ஊர்தி 2004இல் ஜரோசைட் என்ற கனிமத்தைக் கண்டிருந்தது. அது கடும் அமில நீரில் உருவாவது. ஜிப்சத்துக்கு அவ்வளவு அமிலம் தேவையில்லை. ஆகவே ஹோம்ஸ்டேக்கில் ஓடிய நீர் உயிர்களுக்கு இன்னும் இணக்கமானதாக இருந்திருக்கலாம்.

இப்படிப்பட்ட நாளங்களை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போகலாம். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்துக் கடலடிக் களிமண் அங்கே மேடும் ஓடையுமாக அரிபட்டுக் கிடக்கிறது. அந்தக் களிமண்ணைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் செல்லும் வெள்ளைக் கோடுகள் ஜிப்சம்தான். ஒரு துண்டை உற்றுப் பார்த்தால் நார் நாராக இழைகள் தெரியும்.

இந்தக் கனிமத்தின் உறவுக்காரர்களையும் சொல்லிவிட வேண்டும். ஜிப்சத்தைச் சூடாக்கிப் படிகநீரில் முக்கால் பங்கை விரட்டினால் பாரிஸ் சாந்து கிடைக்கும். பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் வெட்டியதால் வந்த பெயர் அது. இயற்கையில் கிடைக்கும் அந்த அரைநீர் வடிவத்துக்கு பாசனைட் என்று பெயர். நீர் முழுவதும் போனால் அன்ஹைட்ரைட். தமிழில் நீரற்ற கால்சியம் சல்பேட் என்று தெளிவாகவே எழுதலாம்.

செவ்வாயின் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி இந்த மூன்றையும் கண்டது. அங்கே ஒரு சிக்கல் வந்தது. துளையிட்டு எடுத்த பாறைத்தூளில் இருந்த ஜிப்சம், ஊர்தியின் உடலுக்குள் இருந்த கதகதப்பிலும் வறட்சியிலும் சில நாட்களிலேயே படிகநீரை இழந்து பாசனைட்டாக மாறிக்கொண்டிருந்தது. ஒரே தூளை அடுத்தடுத்து அளந்து பார்த்ததால்தான் அந்த மாற்றம் பிடிபட்டது. கருவிக்குள் பாசனைட் தெரிந்தால், பாறையிலும் அது பாசனைட்டாகத்தான் இருந்ததா என்று கேட்காமல் விட முடியாது.

படிகநீரின் அளவு மாறினால் கனிமத்தின் பெயரே மாறிவிடுகிறது. அதனால் தமிழில் எழுதும்போது ஜிப்சம் என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். உழவர் கடையில் கேட்டு வாங்கும் சொல் அது. முதல் முறை வரும் இடத்தில் கற்பூர சிலாசத்து என்பதையும் சேர்த்து எழுதலாம். 'நீருள்ள கல்', 'ஈரக்கல்' என்றெல்லாம் எழுத வேண்டாம். படிகநீர் கொண்ட கனிமம், அல்லது நீரேறிய சல்பேட் என்று எழுதினால் போதும்.